15 வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் பைக்... ஷோரூமுக்குப் போகும் முன் இதையெல்லாம் யோசித்தீர்களா?

தாம்பரத்தில் வசிக்கும் அவருக்கு வயது 44. சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு ஐ.டி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவரை, இப்போது ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டார்கள். தூரம் என்னவோ சுமார் 17 கிலோமீட்டர்தான். ஆனால் மேடவாக்கம் சந்திப்பைக் கடந்து, பெரும்பாக்கம் வழியாக மெட்ரோ ரயில் பணித் தடுப்புகளுக்கு நடுவே காரில் ஊர்ந்து போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அந்தப் பாதையில் இப்போதைக்கு ரயிலும் கிடையாது.

"பேசாம ஒரு பைக் வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது.

"ஏங்க, நீங்க வண்டியைத் தொட்டே பதினஞ்சு வருஷம் ஆச்சு. ரோடு இப்ப இருக்கிற நிலைமையில இது தேவையா?" என்றார் மனைவி.

"நீச்சலும் சைக்கிளும் மறந்துபோகுமா என்ன? அது மாதிரிதான் இதுவும்."

கல்லூரிக் காலத்தில் இருந்து 2010 வரை அவரிடம் இருந்தது ஒரு ஸ்பிளெண்டர். மகள் பிறந்தாள், சின்னதாக ஒரு கார் வந்தது, பைக் கைமாறியது. இந்தக் கதை பல வீடுகளில் நடந்த கதைதான். இப்போது பெட்ரோல் செலவும் டிராஃபிக்கும் சேர்ந்து 40 வயதைக் கடந்த பலரை மறுபடியும் பைக் ஷோரூம் பக்கம் திருப்பியிருக்கின்றன. கல்லூரியில் ஸ்கூட்டி ஓட்டி, கல்யாணம், குழந்தை என்று விட்டுவிட்டு, இப்போது திரும்பவும் ஹேண்டில்பாரைப் பிடிக்க நினைக்கும் பெண்களும் நிறைய பேர். அவர்கள் எல்லோருக்குமானது இந்த வாரப் பகுதி.

காலுக்குப் பழசு ஞாபகம் இருக்கிறது!

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் டெஸ்ட் ரைடு கேட்டது, மிடுக்கான ஒரு 160 சிசி பைக்கை. பின்னால் ஷோரூம் பையன் உட்கார்ந்துகொண்டான். "சார், இதுல ஒண்ணு கீழ, மத்ததெல்லாம் மேல சார்" என்று கிளம்பும்போதே சொன்னான். அவரும் தலையாட்டினார்.

முதல் கியர், இரண்டாவது கியர் வரை சரியாகப் போனது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்ததும் சீக்கிரம் மூன்றாவது கியருக்குப் போக நினைத்தார். இடது கால் தானாக முன்பக்கம் அழுத்தியது. வண்டி மூன்றாவதுக்குப் போகவில்லை. முதல் கியருக்கு இறங்கியது. இன்ஜின் அலறி, பின் சக்கரம் ஒரு இழு இழுத்து, வண்டி ஆட்டம் கண்டது. பஸ் டிரைவர் சமயத்தில் பிரேக் போட்டதால் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது வண்டியை ஓட்டி வந்தது அந்தப் பையன்தான்.

நடந்தது இதுதான். பழைய ஸ்பிளெண்டரில் எல்லா கியரையும் முன்பக்கம் அழுத்தித்தான் போட வேண்டும். குதிகாலால் பின்பக்கம் அழுத்தினால் கியர் இறங்கும். இன்றைய பல பைக்குகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே. பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இன்னும் சிக்கல். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்தது. பதற்றம் இல்லாதபோது புது முறையை யோசித்து ஓட்டிவிடலாம். பதற்றம் வந்தால், உடம்பு பழைய பழக்கத்தைத்தான் செய்யும்.

பைக் ஓட்டவே தெரியாதவர் பயந்து பயந்து ஓட்டுவார். நன்றாக ஓட்டிப் பழகி, பல வருடம் விட்டவருக்கு அந்தப் பயம் இருக்காது. தைரியம் 25 வயதுக்காரருடையது. கண், முதுகு, கை எல்லாம் 44 வயதுக்காரருடையது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவிகிதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டில் அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. அந்த மனைவியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆகவே, பழைய ஆசைக்கு ஒரு பைக் வாங்காமல், இன்றைய உடம்புக்கும் தினமும் போகப்போகிற சாலைக்கும் ஏற்ற பைக்கை வாங்க வேண்டும். அதற்கு என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் லைசென்ஸைத் தேடி எடுங்கள்

வண்டிக்கு முன்னால் பார்க்க வேண்டியது லைசென்ஸ். நம் தாம்பரத்துக்காரர் லைசென்ஸ் எடுத்தது 2003-ல், 22 வயதில். அப்போதைய விதிப்படி 20 வருடம் செல்லும். அதாவது, 2023-லேயே காலாவதியாகிவிட்டது. இரண்டு வருடமாக அது தெரியாமலே கார் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இடையில் ஏதாவது விபத்து நடந்திருந்தால், இன்ஷூரன்ஸ் பணம் வாங்குவதில் பெரிய சிக்கல் வந்திருக்கும்.

* லைசென்ஸ் காலாவதியாவதற்கு ஒரு வருடம் முன்பிருந்து, காலாவதியாகி ஒரு வருடம் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால், காலாவதியான மறுநாளில் இருந்தே அதை வைத்து வண்டி ஓட்டக் கூடாது. முன்பு இருந்த 30 நாள் சலுகை, 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது.

* ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால், மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றிதழும் கொடுக்க வேண்டும்.

* இப்போதைய விதிப்படி, 30 முதல் 50 வயதுக்குள் எடுக்கும் அல்லது புதுப்பிக்கும் லைசென்ஸ் 10 வருடம் செல்லும்.

* லைசென்ஸில் எந்த வகை வண்டி என்று பாருங்கள். கார் மட்டும் இருந்தால் பைக் ஓட்ட முடியாது. 'கியர் இல்லாத' வகை மட்டும் இருந்தால் ஸ்கூட்டர் ஓட்டலாம். கியர் பைக் ஓட்டக் கூடாது.

மறுபடியும் ஆர்.டி.ஓ ஆபீஸில் 'எட்டு' போட வேண்டுமா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பல வருடம் விட்டவருக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. லைசென்ஸ் காலாவதியானது தெரிந்த அன்றே அவர் கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். புது லைசென்ஸ் கைக்கு வரும்வரை ஆபீஸுக்குப் போனது பஸ்ஸில்தான்.

நீங்கள் விட்ட பைக் இப்போது இல்லை

இந்த 15 வருடங்களில் சாதாரண பைக்குகூட நிறைய மாறிவிட்டது. தெரியாமல் போனால் ஷோரூம் வாசலிலேயே தடுமாறுவோம்.

பெட்ரோல் டேங்குக்குக் கீழே இருந்த 'ரிசர்வ்' குழாய் இப்போது பெரும்பாலான பைக்குகளில் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ் 6 விதி வந்ததும் பெரும்பாலான பைக்குகளில் கார்பரேட்டர் போய், பெட்ரோலைக் கணக்காகத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் முறை வந்துவிட்டது. 'சோக்' இழுத்து ஸ்டார்ட் செய்யும் வேலை மிச்சம். ஆனால், வண்டி முக்கித் திணறினால் ரிசர்வில் திருப்பி, பங்க் வரை போகலாம் என்ற பழைய தைரியம் கூடாது. பெட்ரோலை அனுப்பும் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. பெட்ரோல்தான் அதைச் சூடாகாமல் காக்கிறது. முள் கடைசிக் கோட்டுக்கு வரும் முன்பே போட்டுவிடுவது நல்லது.

ஹெட்லைட் ஸ்விட்சைத் தேடாதீர்கள். 2017 ஏப்ரலில் இருந்து, இன்ஜின் ஓடும்போது விளக்கு தானாகவே எரியும். எதிரில் வருபவர் விரலை மடக்கி மடக்கி சைகை காட்டினாலும் ஒன்றும் செய்ய முடியாது. பல பைக்குகளில் சைடு ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் அணைந்துவிடும். 'வண்டி ரிப்பேர்' என்று பயப்பட வேண்டாம். பல மாடல்களில் கிக்கரும் இல்லை. பேட்டரி இறங்கினால் உதைத்துக் கிளப்ப முடியாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை சிசி வேண்டும்?

"மைலேஜ் எவ்வளவு?" என்பதுதான் வழக்கமாக நாம் கேட்கும் முதல் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

போக வர 34 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் சுமார் 750 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு மாதம் 1,250 ரூபாய். 45 தரும் வண்டிக்குச் சுமார் 1,670 ரூபாய். 35 தரும் வண்டிக்குச் சுமார் 2,140 ரூபாய். டிராஃபிக்கில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் காருக்கு 6,250 ரூபாய்.

அதாவது, காரில் இருந்து எந்த பைக்குக்கு மாறினாலும் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். சின்ன பைக்குக்கும் நடுத்தர பைக்குக்கும் வித்தியாசம் மாதம் 420 ரூபாய்தான். இந்த 420 ரூபாய்க்காகப் பாதுகாப்பையோ, முதுகு வலியையோ பேரம் பேச வேண்டியதில்லை. மைலேஜை மூன்றாவது, நான்காவது கேள்வியாகக் கேட்டால் போதும்.

முதல் கேள்வி, எடை. 100 சிசி பைக்குகள் சுமார் 110 கிலோ இருக்கும். 125 சிசி என்றால் 115-ல் இருந்து 125 கிலோ. 150, 160 சிசி வண்டிகள் 135-ல் இருந்து 145 கிலோ. 350 சிசி வண்டிகள் 180 முதல் 195 கிலோ. காலியான நெடுஞ்சாலையில் எடை ஒரு பொருட்டே இல்லை. வண்டி நிலையாகப் போவதற்கு அது உதவவும் செய்யும். ஆனால் மேடவாக்கம் மாதிரி இடத்தில் பத்தடிக்கு ஒரு தடவை காலை ஊன்ற வேண்டும். தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு ஓரத்து மணலில் நிற்க வேண்டும். ஆபீஸ் பார்க்கிங்கில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்து பின்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். நின்ற இடத்திலேயே வண்டி சாய்ந்தால், அதைத் தாங்கப்போவது உங்கள் முழங்காலும் இடுப்பும்தான்.

எனவே, பொதுவாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

தினமும் 10 கிலோமீட்டருக்குள், ஊருக்குள்ளேயே ஓட்டம், தனியாகப் போகிறவர் என்றால் 100, 110 சிசி போதும்.

போக வர 20-ல் இருந்து 40 கிலோமீட்டர், டிராஃபிக் அதிகம், அவ்வப்போது பின்னால் ஒருவர் உட்காருவார் என்றால் 125 சிசி சரியாக இருக்கும். மேம்பாலம் ஏறும்போதும் பஸ்ஸைத் தாண்டும்போதும் திணறாது, தள்ளுவதற்கும் கனக்காது.

செங்கல்பட்டு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் மாதிரி நெடுஞ்சாலையில் தினமும் நீண்ட தூரம் போகிறவர்கள் என்றால் ஏ.பி.எஸ் உள்ள 150, 160 சிசி. லாரிகளுக்கு நடுவே போகும்போது வேகமும் நிதானமும் வேண்டும்.

350 சிசி ஆசை தப்பில்லை. ஆனால் அதை முதல் வண்டியாக வாங்காமல், ஒரு வருடம் சின்ன வண்டியில் கை பழகியபின் வாங்கலாம்.

கிளட்ச் பிடித்தால் கை வலிக்கிறது, கியரே குழப்பமாக இருக்கிறது என்பவர்கள் ஸ்கூட்டர் வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. ஒன்று மட்டும், ஸ்கூட்டரின் சக்கரம் சின்னது. குண்டும் குழியுமான சாலையில் பெரிய சக்கரம் உள்ள பைக்தான் சுலபமாக ஏறி இறங்கும். வீட்டில் சொந்தமாக சார்ஜ் போட வசதி இருந்தால், 34 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எலெக்ட்ரிக் வண்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்து பாருங்கள்... பின்னால் உட்காருகிறவரையும் கூட்டிப்போங்கள்!

ஷோரூமில் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதைவிட, பத்து நிமிடம் அதன் மேல் உட்காருவது முக்கியம். தினமும் ஆபீஸுக்குப் போடும் ஷூவோடு போங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிகிறதா? பெரும்பாலான பைக்குகளின் சீட் உயரம் 780-ல் இருந்து 800 மில்லிமீட்டர். ஐந்தடி நான்கு அங்குலம் உள்ளவருக்கு இந்த 20 மில்லிமீட்டர் வித்தியாசமே தெரியும். சீட் அகலமாக இருந்தால் உயரம் குறைவாக இருந்தும் கால் எட்டாது.

ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டும். முன்னால் குனிய வைக்கும் வண்டி, 20 வயதில் ஸ்டைல். 44 வயதில் மணிக்கட்டு வலி. சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் வண்டியை நான்கடி பின்னால் தள்ளிப் பாருங்கள். மீட்டரில் உள்ள எழுத்து வெயிலில், கண்ணாடி போடாமல் தெரிகிறதா என்றும் பாருங்கள். 40-க்கு மேல் கிட்டப் பார்வை குறைவது இயல்பு. இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தால், பைக் வாங்கும் முன் கண் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. தூக்கம் வரவழைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை ஷோரூம் போனபோது, தாம்பரத்துக்காரர் மனைவியையும் 14 வயது மகளையும் கூட்டிப்போனார். ஒரு வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த மனைவி, "இது என்னங்க, மாடியில உட்கார்ந்த மாதிரி இருக்கு. பிடிக்க ஒரு கம்பிகூட இல்ல" என்று உடனே இறங்கிவிட்டார். நியாயமான காரணம். பின்னால் பிடிக்கக் கம்பி, கால் வைக்க சரியான இடம், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க சாரி கார்டு, இவை மூன்றும் அலங்காரப் பொருள்கள் கிடையாது. எடுப்பாகத் தெரியவில்லை என்று சாரி கார்டைக் கழற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரேக்: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

பழைய பைக் ஓட்டியவர்களில் பலருக்கு பிரேக் என்றால் வலது கால்தான். 'முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம்' என்று யாரோ சொல்லிக்கொடுத்தது மனதில் ஊறியிருக்கும். உண்மையில், பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குத்தான் போகிறது. வண்டியை அதிகம் நிறுத்துவது முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் வேகமாக மிதித்தால் சக்கரம் இறுகி வழுக்கும். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்துவதுதான் முறை.

2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ் கட்டாயம். அவசரத்தில் அழுத்தினாலும் சக்கரம் இறுகாமல் அது பார்த்துக்கொள்ளும். 125 சிசி வரையிலான வண்டிகளில் குறைந்தது சி.பி.எஸ் இருக்க வேண்டும். அதில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். ஒரே மாடலில் டிரம், டிஸ்க் என இரண்டு வகை இருந்தால், சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் முன்பக்கம் டிஸ்க் உள்ளதை எடுங்கள்.

இன்னொரு கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடிக்குள் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு விநாடி போய்விடும். கார் ஓட்டிப் பழகிய நமக்கு நான்கு சக்கரமும் சுற்றிலும் தகரமும் இருந்த தைரியத்தில் இந்த இடைவெளி பழகியிருக்காது.

விலைப்பட்டியலில் பாதிதான் தெரியும்

2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. 350 சிசியைத் தாண்டினால் 40 சதவிகிதம். ஆனால், விளம்பரத்தில் பார்ப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை எழுதி வாங்குங்கள். புது பைக்குக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஐந்து வருடத்துக்குக் கட்டாயம். நம் வண்டி சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் தனி. ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பஸ்தர் பைக் வாங்கும்போது அவசியம் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

பட்ஜெட்டில் ஹெல்மெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரணில் கிடக்கும் பழைய ஹெல்மெட் வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நாளாவட்டத்தில் தன் தன்மையை இழந்துவிடும். ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள, முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். அதோடு கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, நல்ல மழைக்கோட்டு.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால்...

"முதல்ல பழைய வண்டியில பழகிட்டு அப்புறம் புதுசு வாங்கறேன்" என்பதும் நல்ல யோசனைதான். ஆனால் 2019-க்கு முந்தைய வண்டி என்றால் ஏ.பி.எஸ், சி.பி.எஸ் எதுவும் இல்லாமல் இருக்கலாம். பதிவுச் சான்றிதழ் 15 வருடம்தான் செல்லும்; அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இன்ஷூரன்ஸ், வங்கிக் கடன், பாக்கி இருக்கும் அபராதம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். கடன் முடிந்திருந்தாலும், ஆர்.சி-யில் வங்கியின் பெயர் நீக்கப்பட்டிருக்க வேண்டும். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, ஆர்.சி-யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாள்களுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்று இருந்தால், 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். கோடுகள் தேயாமல் பளபளவென்று இருந்தாலும், ஐந்தாறு வருடம் ஆன டயர் இறுகிப் போயிருக்கும், மழையில் பிடிக்காது.

முதல் மாதம் எப்படி?

வண்டி வந்த மறுநாளே ஆபீஸுக்கு ஓட்டிப்போக வேண்டாம். முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில், காலியான மைதானம் அல்லது புது லேஅவுட் சாலையில் மூன்று விஷயங்களைப் பழகுங்கள். ஒன்று, கால் ஊன்றாமல் மெதுவாக எட்டு போடுவது. இரண்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கும் பிடித்து நேராக நிற்பது. மூன்று, கியரை ஏற்றி இறக்குவது. காலின் பழைய பழக்கம் போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு, டிராஃபிக் இல்லாத நேரத்தில் ஆபீஸ் வரை ஒருமுறை போய் வாருங்கள். எங்கே பள்ளம், எங்கே மணல், எங்கே சாலை திடீரென்று குறுகுகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகளும், சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளும் மழையில் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் போடவோ, வண்டியைச் சாய்க்கவோ கூடாது. தேங்கிய தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. முன்னால் போகும் வண்டி போன தடத்திலேயே போங்கள். முதல் மாதம் பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால், முந்த வேண்டிய அவசரமே பாதி குறைந்துவிடும்.

அந்தத் தாம்பரத்துக்காரர் கடைசியில் வாங்கியது, முன்பக்கம் டிஸ்க் பிரேக் உள்ள ஒரு 125 சிசி பைக். பாதம் இரண்டும் தரையில் பதிகிறது. பின் சீட்டும் கம்பியும் வீட்டில் பாஸாகிவிட்டன. மகள் கேட்டது சிவப்பு. ஸ்டாக்கில் இருந்தது கறுப்பு. புது லைசென்ஸ் கைக்கு வந்து, மூன்று ஞாயிறு பயிற்சி முடிந்து, ஒரு திங்கள்கிழமை காலை ஏழரை மணிக்குக் கிளம்பினார்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க. நடுவுல எடுக்காதீங்க" என்றார் மனைவி.

ஐம்பது நிமிடத்தில் ஆபீஸ் பார்க்கிங்கில் இருந்து போன் வந்தது. பெரும்பாக்கம் அருகே ஒரு இடத்தில் கால் மறுபடியும் தப்பாக அழுத்தப் போனதையும், கடைசி நொடியில் சுதாரித்ததையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

"அப்ப இந்த ஞாயித்துக்கிழமையும் கிரவுண்டுக்குப் போங்க" என்றார் மனைவி. அவரும் சரி என்று சொல்லியிருக்கிறார்.

*அடுத்த வாரம்: மழைக்காலத்துக்கு முன் பைக்கில் கவனிக்க வேண்டிய விஷயங்கள்.*